தொடையெலும்புக்குப் பாடிய ஒப்பாரி

எங்கள் குடியிருப்பில் ஒரு சாவு விழுந்தால் முதலில் ஆட்டைத் தேடுவார்கள், அடுத்தது என்னைத் தேடுவார்கள். எங்கள் கிர்கிஸ் நாட்டில், நரின் ஆற்றின் இரண்டு கரையிலும் ஒப்பாரிக்கு இந்தப் புருலை விட்டால் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் என் தலையைப் பார்த்தாலே மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். அவர்களும் ஒருநாள் என் கதவைத் தட்டாமலா இருக்கப் போகிறார்கள்?

ஆனால் எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான் என்றிருந்த சல்கினுக்கு மட்டும் நான் வாயைத் திறக்க முடியவில்லை. அவள் புருஷன் எசென் செத்தானா, இருக்கிறானா என்றே யாருக்கும் தெரியாது.

அரசாங்கத்துச் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஆண்களில் பாதிப் பேர் ருஷ்யாவுக்குக் கூலிக்குப் போனார்கள். மீதிப் பேர் செம்மண் மலையின் அடியில் எலிவளை மாதிரி குழி தோண்டிக் கரி எடுத்தார்கள். திருட்டுக் குழிதான். போலீசுக்கும் தெரியும், அவர்கள் வீட்டு அடுப்பிலும் அந்தக் கரிதான் எரிந்தது. எசெனும் குபாத்தும் ஒரே குழியில் கூட்டு. போன நவம்பரில் ஒருநாள் காலையில் மலை ஒரு தரம் உறுமியது. என் வீட்டு அலமாரியில் தேநீர்க் கிண்ணங்கள் கடகடவென்று ஆடின. அவர்கள் குழி வாய் மூடிப் போயிருந்தது. நாங்கள் பதறிக்கொண்டு ஓடினால், குபாத் வழியிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"பயப்படாதீங்க, உள்ள யாருமில்ல. எசென் விடிகாலையிலயே ருஷ்யாவுக்குக் கிளம்பிட்டான். நானேதான் ரோட்டுல கார் ஏத்தி விட்டேன்" என்றான்.

நம்பினோம். நம்பாமல் என்ன செய்வது? எசெனும் அந்த வருஷம் முழுக்க "போறேன், போறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். பாஸ்போர்ட்டைக் கோட்டின் உள்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். அதற்கு முந்தின ராத்திரி புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை நடந்தது, சுவர் வழியாக எனக்கே கேட்டது. கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

குளிர்காலம் முழுக்க ஒரு போன் வரவில்லை. பெண்கள் நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். எவளோ ஒரு மஞ்சள் தலைமுடிக்காரி மடியில் படுத்திருக்கிறான் என்றார்கள். சல்கின் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வாள்.

"போயிருந்தா போன் பண்ணியிருப்பாரு அக்கா. அவருக்கு ரெண்டு நாளுக்கு மேல கோவம் நிக்காது. அவரு அந்த மலைக்குள்ளதான் இருக்காரு."

"வாயைக் கழுவுடி."

"கழுவிட்டா மட்டும் வந்துடுவாரா?"

மொல்தோவிடம், அதாவது எங்கள் பள்ளிவாசல் பெரியவரிடம், அவள் போய்க் கேட்டாள். உயிரோடு இருக்கிறவனுக்குச் சாவுத் தொழுகை நடத்தினால் பாவம் என் தலையில்தான் விடியும், உடம்பைக் காட்டு, நடத்துகிறேன் என்று அனுப்பிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவள் கதியைப் பாருங்கள். கறுப்பு உடுத்த முடியாது, கலர் உடுத்தவும் மனசு வராது. கூடாரம் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஊர் கூடி நிற்க வாய்விட்டு அழ எங்கள் பெண்கள் எல்லோருக்கும் ஒரு உரிமை உண்டு. அவளுக்கு அது கூட இல்லை. அந்த அழுகையை நெஞ்சுக்குள் கட்டிவைத்துக்கொண்டு, எங்கள் கண் எதிரிலேயே வற்றிப்போனாள்.

ஜூன் மாதம் பிஷ்கெக்கிலிருந்து தாலாய் என்ற ஆராய்ச்சிக்காரன் ஒரு பழைய லாரியோடு வந்து இறங்கினான். ஒட்டடைக்குச்சி உடம்பு, கம்பி வைத்துக் கட்டிய மூக்குக்கண்ணாடி. டைனோசர் எலும்பு தேடுகிறானாம். ஊரே சிரித்தது. ஆனால் மலையில் வேலைக்கு ஆள் வேண்டும் என்றதும் சிரித்தவர்கள்தான் முதலில் ஓடினார்கள். குபாத் மட்டும் அந்த மலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. முதுகு வலி என்றான். கார் பழுது பார்க்கும்போது மட்டும் அந்த முதுகு நன்றாக வளைந்தது.

தாலாய் பள்ளம் தோண்டிய இடம் எசென் குழிக்கு நேர் மேலே. கரி அடுக்கு கீழே, செம்மண் பாறை மேலே. சல்கின் தினமும் மோர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போவாள். மோர் விற்கிற சாக்கு. ஒருநாள் நானும் கூடப் போனேன். பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக ஒரு தொடையெலும்பு கிடந்தது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது, அம்மாடி!

"இது எந்தக் காலத்துது தம்பி?" என்றேன்.

"ஜுராசிக் காலம் அக்கா. பதினாறு கோடி வருஷம் இருக்கும்."

"அப்ப எங்க மொல்தோவை விடக் கொஞ்சம் மூத்ததுன்னு சொல்லு."

வேலைக்காரர்கள் சிரித்தார்கள். தாலாயும் சிரித்தான். பிறகு எலும்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். அந்தப் பேச்சு வந்தால் அவன் முகமே வேறாகிவிடும். "நீங்க கீழ வெட்டுறீங்களே கரி, அது அப்ப சதுப்புக் காடு. அப்புறம் ஆறு வந்து அதுக்கு மேல செஞ்சேத்தக் கொட்டுச்சு. இந்த மிருகம் அந்தச் சேத்துல சிக்கிச் செத்திருக்கு."

"யாரும் தேடலையா?" என்றாள் சல்கின்.

"எத அக்கா?"

"அதத்தான். சேத்துல சிக்குச்சுங்கிறீங்களே. அதோட கூட்டம் தேடலையா?"

தாலாய் சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். பேச்சை மாற்ற, பள்ளத்தின் ஓரத்தைக் காட்டினான். "கழுத்து இப்படியே மலைக்குள்ள போகுது பாருங்க. தலை உள்ள இருக்கணும். இந்த ஜாதியில தலை கிடைக்கிறது ரொம்ப அபூர்வம். உடம்பு மலை மாதிரி, தலை மட்டும் சின்னது. செத்ததும் முதல்ல அதுதான் கழண்டு தண்ணியோட போயிடும். படிச்சு முடிச்ச நாள்லேர்ந்து ஒரு தலையத்தான் தேடிட்டு இருக்கேன்."

"தம்பி, அப்படியே இன்னும் கொஞ்சம் கீழ தோண்டிப் பாருங்களேன்" என்றாள் சல்கின்.

"கீழ கரிதான் அக்கா. எலும்பு இருக்காது."

"இருக்கும்."

நான்தான் அவனைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தான். பிறகு அவளிடம் போய், கீழே வெட்டினால் மேலே இருக்கிற சரிவு மொத்தமும் இறங்கிவிடும், வேலை செய்கிறவர்களும் மாட்டிக்கொள்வார்கள், அப்படி வெட்ட அவனுக்கு அனுமதியும் இல்லை என்று சொன்னான். நியாயமாகத்தான் சொன்னான். சல்கின் தலையை ஆட்டினாள், மோர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அதற்குப் பிறகு அவள் மலைக்குப் போகவே இல்லை. நானும் போகவில்லை. அதனால் அந்த எலும்பை அவர்கள் எப்படிக் கட்டினார்கள், என்ன செய்தார்கள் என்று கீழே இருந்த எங்களுக்குத் தெரியாது.

செப்டம்பரில் மழை பிடித்துக்கொண்டது. லாரி ஏறுகிற பாதையை ஓடை அறுத்துவிட்டது. எலும்பை ஆள் வைத்துத்தான் இறக்க வேண்டும் என்றாகிவிட்டது. அவ்வளவு கனத்தைத் தாங்க ஊரில் ஒரே ஒரு ஏணிதான் உண்டு, பள்ளிவாசலில் சாத்தியிருக்கும் ஏணி. நாங்கள் பிணம் தூக்குகிற ஏணி. அந்தத் தடியன்கள் மொல்தோவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். தாலாய்க்கு அது எந்த ஏணி என்று எப்படித் தெரியும்?

நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். தூறல். யாரோ ஒருத்தி தக்காளி ஊறுகாய் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். செம்மண் சரிவில் ஆண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். தோளில் ஏணி. ஏணியின் மேல் வெள்ளையாகச் சுற்றிய ஒரு நீளப் பொதி, ஆள் நீளம். மழைக்காக அதன் மேல் ஒரு கம்பளத்தைப் போர்த்தியிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை, எல்லாத் தலையும் குனிந்திருந்தது. கொஞ்ச தூரத்துக்கு ஒருதரம் பின்னால் இருக்கிறவன் முன்னால் வந்து தோள் மாற்றினான். சாவுக்குத் தூக்கித் தூக்கிப் பழகிய தோள், கனம் ஏறினால் அப்படித்தான் நடக்கும்.

நான் குழாயை மூடினேன்.

சல்கினின் வாளி கீழே விழுந்து உருண்டது. "அவரத் தூக்கிட்டு வராங்க அக்கா" என்றாள், ரொம்ப மெல்ல, பக்கத்துத் தெருவிலிருந்து விருந்தாளி வருகிற மாதிரி. பிறகு தலைத்துணியைப் பிடுங்கி எறிந்தாள், பின்னலை அவிழ்த்தாள், "என் ராசா!" என்று அலறிக்கொண்டு ஓடினாள்.

பத்து மாசமாக நான் அடக்கிவைத்திருந்த பாட்டு. என் வாயை யார் பிடிப்பது?

"கரி வெட்டப் போனவனே,
வெள்ளையாத் திரும்புறியே!
காத்துக் கிடந்த குதிரை
வெறுஞ்சேணம் சுமக்கிறதே!
மலையே, நீ தின்னாயே,
மனசு வந்து கொடுத்தாயே!"

மற்ற பெண்களும் மாரில் அடித்துக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். சரிவில் வந்தவர்களுக்கு எங்கள் சத்தம் கேட்டது. அவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? ஊரில் யாரோ போய்விட்டார்கள், அதற்குத்தான் பெண்கள் அழுகிறார்கள் என்று நினைத்தார்கள். சாவு வீட்டை நோக்கி நடக்கிற ஆண் வாய்விட்டு அழுதுகொண்டேதான் வர வேண்டும், எங்கள் வழக்கம் அது. யார் செத்தார்கள் என்றே தெரியாமல், ஏணியைச் சுமந்தபடியே "ஐயோ, என் ஈரக்குலையே! என் உடன்பிறப்பே!" என்று அவர்களும் கதற ஆரம்பித்தார்கள். அதைக் கேட்டதும் எங்களுக்கு இருந்த கடைசிச் சந்தேகமும் போயிற்று.

சல்கின் அவர்களை எட்டிப்பிடித்தாள். அவள் மேலே வந்து விழுந்த வேகத்தில் ஏணியைத் தரையில் வைத்துவிட்டார்கள். அவள் கம்பளத்தைத் தள்ளிவிட்டு, அந்த வெள்ளைப் பொதியை இரண்டு கையாலும் அள்ளி அணைத்து, முகத்தை அதன் மேல் வைத்துக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் என் தொழிலில் கேட்டதில்லை. "என்னைத் திட்டிட்டுப் போனியே, திட்டுறதுக்காவது வந்தியா?" என்று கேட்டாள். அன்று ராத்திரிச் சண்டையில் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எடுத்து எடுத்து மன்னிப்புக் கேட்டாள். நான் பாட்டை நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் பாட என்ன இருக்கிறது?

அப்போதுதான் குபாத் வந்தான். ரோட்டோரம் காருக்கு அடியில் படுத்திருந்தவன், அழுகைச் சத்தம் கேட்டு எழுந்து ஓடிவந்தான். கையெல்லாம் எண்ணெய். "யாரு? யாரு போனது?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

"எசெனை மலையிலேர்ந்து எடுத்துட்டாங்க!" என்று கத்தினாள் ஒருத்தி.

அவன் மண்ணில் விழுந்தான், எழுந்தான், நெஞ்சில் குத்திக்கொண்டு ஏணியைப் பார்த்து வந்தான்.

"ஐயோ எசென்! குழியத் தாங்குற முட்டு மரத்த உருவாத, உருவாதன்னு தலதலயா அடிச்சிக்கிட்டியேடா! ரெண்டு மரத்துக்கு ஆசப்பட்டு உருவினேனேடா! நீ உள்ள இருக்கேன்னு தெரிஞ்சும் பொய் சொன்னேனேடா! உள்ளேர்ந்து தட்டுனியே, கேட்டுச்சேடா எனக்கு! ஜெயிலுக்குப் பயந்து வாய மூடிக்கிட்டேனேடா!"

பெண்கள் ஒவ்வொருத்தராக அழுகையை நிறுத்தினார்கள். அவன் மட்டும் அழுதுகொண்டிருந்தான். அப்புறம் அவனும் நிறுத்தினான், தன் குரல் மட்டும் கேட்கிறதே என்று பயந்தவனாக.

அந்த அமைதியில் தாலாய் சரிவில் சறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். "கைய எடுங்க! சாந்து இன்னும் காயல! அது எலும்பு அக்கா, தொடையெலும்பு! உடையாம இருக்கச் சாக்குத்துணியச் சாந்துல தோய்ச்சுச் சுத்தியிருக்கு! என்ன ஆச்சு, ஏன் எல்லாரும் அழுறீங்க?"

சல்கின் பொதியின் மேலிருந்து முகத்தைத் தூக்கினாள். கன்னத்தில் வெள்ளைச் சாந்து அப்பியிருந்தது. எழுந்து போய் குபாத்தின் முன்னால் நின்றாள்.

"எவ்வளவு நேரம் தட்டுனாரு?"

"அண்ணி..."

"எவ்வளவு நேரம்னு கேட்டேன்."

"பொழுது சாயிற வரைக்கும்" என்றான் குபாத்.

பொழுது சாயும் வரை! நாங்கள் அன்று அவன் பேச்சைக் கேட்டுத் திரும்பி வந்து தேநீர் குடித்திருக்கிறோம். நான் ரொட்டி சுட்டேன். எசென் மலைக்குள் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். சல்கின் குபாத்தை அடிக்கவில்லை, சபிக்கவில்லை. அதற்கப்புறம் அவனிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. ஆண்கள் அவனைக் கைப்பிடியாக இழுத்துக்கொண்டு போய்ப் போலீசில் ஒப்படைத்தார்கள்.

பிறகு குழி வாயைத் திறக்கலாமா என்று பார்க்கப் போனார்கள். மழையில் செம்மண் கூழாகி இறங்கிக்கொண்டே இருந்ததாம். ஒரு கடப்பாரை போட்டதற்கு ஒரு வண்டி மண் விழுந்ததாம். அப்படியும் இரண்டு பேர் உள்ளே போகிறோம் என்று சட்டையைக் கழற்றியிருக்கிறார்கள். சல்கின் சொல்லி அனுப்பினாள்: "வேண்டாம். எனக்காக இன்னொருத்தி சுவத்தப் பாத்து உக்கார வேண்டாம்."

மொல்தோ தன் ஏணியைத் திருடிய தடியன்களை வாய்க்கு வந்தபடி ஏசி முடித்துவிட்டு, தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். எசெனை மண்ணே அடக்கம் பண்ணியாகிவிட்டது, தொழுகை மட்டும்தான் பாக்கி என்றார். "மேல ஒரு பள்ளம் வெட்டித்தான் கிடக்கு. அவனுக்கு நேர் மேல. அதையே அவன் குழியாக்கி மூடிடுவோம்."

தாலாய்க்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் ஒரு இடம் கல்லறை ஆகிவிட்டால் பிறகு அதில் மண்வெட்டி படக்கூடாது. அவன் சல்கின் வீட்டு வாசலில் வந்து நின்றான். கண்ணாடி மழையில் நனைந்திருந்தது.

"அக்கா, ஒரே ஒரு வருஷம் பொறுங்க. பனி விழப்போகுது, இப்ப எடுக்க முடியாது. அடுத்த கோடையில வந்து எடுத்துடறேன். ஒரு கை ஆழம்தான் அக்கா. அந்தத் தலை அங்கதான் இருக்கு."

சல்கின் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர் தலையும் அங்கதான் தம்பி இருக்கு."

அவன் திரும்பி மழையில் நடந்தான்.

மறுநாள் வாசலில் கூடாரம் எழும்பியது. சல்கின் கறுப்பு உடுத்திக்கொண்டு உள்ளே, வாசலுக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பெண்கள் அடக்கத்துக்கு மலை ஏறக்கூடாது. ஆனால் நான் சும்மா இருக்கிறவளா? கூடாரத்தின் அடிக் கம்பளியை ஒரு சாண் தூக்கிவிட்டு, குனிந்து மலையைப் பார்த்தேன். ஆண்கள் தொழுதார்கள். பிறகு மண் போட ஆரம்பித்தார்கள். எங்கள் வழக்கத்தில் மண்வெட்டியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள். ஒருவன் போட்டுவிட்டுத் தரையில் வைப்பான், அடுத்தவன் தரையிலிருந்து எடுப்பான். துக்கத்தை அடுத்தவன் கையில் திணிக்கக்கூடாது.

"யாரு போடுறா?" என்று கேட்டாள் சல்கின், திரும்பாமல்.

ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். கடைசியில் மண்வெட்டி தாலாயின் காலடியில் கிடந்தது. அவனை யாரும் வற்புறுத்தவில்லை, யாரும் அவனைப் பார்க்கவும் இல்லை. அவன் ரொம்ப நேரம் நின்றான். பிறகு குனிந்து எடுத்தான்.

"அந்தத் தம்பி போடுறான்" என்றேன். "கழுத்து உள்ள போற பக்கம் பாத்து நின்னுதான் போடுறான்."

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்தேன். நல்ல பாட்டுத்தான். கேட்ட பெண்கள் எல்லோரும் கரைந்தார்கள். சல்கின் மட்டும் காய்ந்த கண்ணோடு கம்பளிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரி அழாவிட்டால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? அவள் காதோடு, "அழுதுடு, சல்கின். இன்னிக்குத்தான் அழணும்" என்றேன்.

"வரல அக்கா. இருந்ததை எல்லாம் நேத்து அது மேல கொட்டிட்டேன். அவருக்குன்னு ஒண்ணும் மிச்சமில்ல."

எனக்குப் பாட்டு தடுமாறிவிட்டது. என் வாழ்நாளில் முதல்தடவை.

ரோட்டில் தாலாயின் லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. அடுத்த மழைக்கு முன்னால் மலைப்பாதையைத் தாண்டிவிட வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். காலையில் நான் அந்தப் பக்கம் போனபோது பொதியை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாந்து இறுகியிருந்தது.

"என் கை அதுல பதிஞ்சிருந்துதே" என்றாள் சல்கின். "அத அழிச்சிட்டானா?"

"இல்லடி. பத்து விரலும் அப்படியே இருக்கு. தேய்க்கப் போனவன் கையத் தட்டிவிட்டுட்டு, விட்டுடுன்னுட்டான்."

லாரி பள்ளத்தில் இறங்கி, கியர் மாற்றி, எங்கள் கூடாரத்தைத் தாண்டிப் போயிற்று. தரை அதிர்ந்தது. சல்கின் நெற்றியைக் கம்பளியில் முட்டிக்கொண்டு, "கொண்டு போறாங்களே அக்கா, தூக்கிட்டுப் போறாங்களே!" என்று கத்தினாள். சத்தம் பாலத்தைத் தாண்டிக் கேட்காமல் போன பிறகும் அவள் அழுதுகொண்டிருந்தாள். வாசலில் வந்து நின்றவர்கள் புருஷனுக்காக அழுகிறாள் என்று நினைத்து, அவர்களும் சேர்ந்து அழுதார்கள்.